மேய்ன் கூன்: பனிநாட்டில் உருவான பெரும்பூனை

மாணவர்களே! நம் வீடுகளில் வளரும் பூனையின் எடை எவ்வளவு இருக்கும்? மூன்று அல்லது நான்கு கிலோகிராம் இருக்கலாம். எட்டு கிலோகிராம் எடையும், மூக்கு நுனி முதல் வால் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் உள்ள ஒரு வீட்டுப்பூனையைக் கற்பனை செய்து பாருங்கள். அதுதான் மேய்ன் கூன். இவ்வினத்தைச் சேர்ந்த ஸ்டூவி என்ற ஆண்பூனை 123 சென்டிமீட்டர் நீளம் இருந்தது. 2010-ஆம் ஆண்டில் அது கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம் பெற்றது.

இப்பூனையின் தாயகம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியில், அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள மேய்ன் மாநிலம். கடுங்குளிரும் பனியும் நிறைந்த பகுதி அது. 1985-இல் மேய்ன் கூன் அம்மாநிலத்தின் அதிகாரபூர்வமான பூனையாயிற்று.

கதையும் உண்மையும்

‘கூன்’ என்பது ரக்கூன் என்னும் காட்டு விலங்கின் சுருக்கப் பெயர். ரக்கூனின் வாலைப் போலவே பழுப்பு நிற மேய்ன் கூனின் வாலும் புசுபுசுவென்று, வளைய வளையமான கோடுகளுடன் இருக்கும். ஆகவே, பூனையும் ரக்கூனும் கூடிப் பிறந்ததே இவ்வினம் என்று முன்பு பலர் நம்பினர். இது நடக்கக்கூடியதா?

இரு விலங்குகளுக்கும் 38 குரோமோசோம்கள்தாம். ஆனால் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அவற்றில் அடங்கியுள்ள மரபுச் செய்திகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ரக்கூன் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூனையைவிட நாய்க்கும் கரடிக்குமே அது நெருங்கிய உறவு. எனவே இக்கலப்பு இயலாது.

பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசி மேரி அன்டோனெட் தன் பூனைகளைக் கப்பலேற்றி அனுப்பியதாக இன்னொரு கதை உண்டு. அதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் கதையில் வரும் கப்பல் உண்மைக்கு அருகில் உள்ளது. எலிகளிடமிருந்து உணவுப் பொருள்களைக் காப்பதற்காக அக்காலக் கப்பல்களில் பூனைகளை வளர்த்தனர். ஐரோப்பியக் கப்பல்களில் வந்த நீள உரோமப் பூனைகள் கரையில் இருந்த குட்டை உரோமப் பூனைகளுடன் கலந்திருக்க வேண்டும். மேய்ன் கூனின் டி.என்.ஏ. மேற்கு ஐரோப்பியப் பூனைகளுடன் நெருங்கிய உறவைக் காட்டுகிறது.

மறைந்து நிற்கும் பண்பு

உரோமம் ஏன் நீளமாகிறது? எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணு ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. “வளர்ந்தது போதும்” என்று உரோம வேருக்கு அறிவிப்பது அப்புரதமே. மரபணு பழுதானால் அறிவிப்பு கிட்டாது. உரோமம் மேலும் வளரும். இதை விஞ்ஞானிகள் 2007-இல் கண்டறிந்தனர்.

இது ஓர் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குட்டிக்கு நீள உரோமம் அமையும். ஒரு படி மட்டும் பெற்ற பூனை குட்டை உரோமத்துடனேயே இருக்கும். அத்தகைய இரு பூனைகள் கூடினால் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நீள உரோமம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இவ்வாறு, கப்பலில் வந்த சில பூனைகளின் பண்பு பல தலைமுறைகள் மறைந்திருந்து மீண்டும் தலைகாட்ட இயலும். குளிரைத் தாங்கிய பூனைகள் அதிகக் குட்டிகளை விட்டுச் சென்றன, பண்பு பரவியது. இதுவே இயற்கைத் தேர்வு.

குளிருக்கேற்ற உடல்

மேய்ன் கூனின் உரோமம் உடல் முழுதும் ஒரே சீராக இராது. தோளில் குட்டையாகவும், வயிற்றிலும் பின்தொடையிலும் நீளமாகவும் இருக்கும். பனியில் உட்காரும்போது தரையைத் தொடும் பகுதிகள் இவையல்லவா? காதுகளுக்குள்ளும் விரலிடுக்குகளிலும்கூட உரோமக் கற்றைகள் உண்டு. சுருண்டு படுக்கும்போது நீண்ட வாலே போர்வையாகிறது.

பெரிய உடலும் குளிரில் உதவும். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 ச.செ.மீ., கன அளவு 1 க.செ.மீ. பக்கம் 2 செ.மீ. ஆனால் பரப்பு 24, கன அளவு 8. அதாவது ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் உரிய பரப்பு 6-லிருந்து 3 ஆகக் குறைகிறது. வெப்பம் பரப்பின் வழியாகவே வெளியேறுவதால், பெரிய உடல் மெதுவாகவே குளிரும். பிற்காலத்தில் வளர்ப்போர் பெரிய பூனைகளையே விரும்பித் தேர்ந்தெடுத்ததும் இவ்வினத்தின் உருவத்திற்கு ஒரு காரணம். முழு வளர்ச்சி அடைய இதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும்.

புகழும் பிணியும்

1895-இல் நியூயார்க் மாடிசன் சதுக்கத் தோட்டத்தில் நடந்த பூனைக் கண்காட்சியில் கோசி என்ற மேய்ன் கூன் பெண்பூனை முதலிடம் பெற்றது. பிறகு பாரசீகப் பூனைகளின் மீது மக்களுக்கு மோகம் பிறந்ததால் இவ்வினம் மங்கியது. 1950-களில் மேய்ன் மாநில ஆர்வலர்கள் ஒரு கழகம் அமைத்து அதை மீட்டனர்.

ஆனால் ஓர் இனத்தைக் குறைந்த எண்ணிக்கைப் பூனைகளிலிருந்தே பெருக்கினால், நல்ல பண்புகளோடு நோய் மரபணுவும் பரவும். மேய்ன் கூன்களில் சிலவற்றுக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய் வருகிறது. இதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் 2005-இல் கண்டறியப்பட்டது. இரண்டு படிகளைப் பெற்ற பூனைக்கே ஆபத்து மிகுதி. இன்று எளிய டி.என்.ஏ. சோதனையால் இதை அறிந்து, இணை சேர்க்கும் முன்பே வளர்ப்போர் எச்சரிக்கையாக இருக்க முடிகிறது.

தாயிடம் ஒரு படி, தந்தையிடம் ஒரு படி அம்மாற்றம் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குட்டி இரண்டு படிகளையும் பெறும் வாய்ப்பு எவ்வளவு? நீள உரோமத்திற்குப் போட்ட கணக்கையே இதற்கும் போட்டுப் பாருங்கள்.