கிளையை எட்டாத பார்வை

மரக்கிளையில் ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறான். கீழே, அவனைக் கொல்ல வந்தவன். தரையில் தடம் பார்த்தே வந்த கண்கள் இப்போது அடிமரத்திலிருந்து அங்குலம் அங்குலமாக மேலே ஏறுகின்றன. கிளையை எட்டச் சற்றே இருக்கும்போது நின்றுவிடுகின்றன. வந்தவன் முகத்தில் புன்னகை. சிகரெட் புகையை வளையமாக ஊதிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு சாவகாசமாக நடந்து போகிறான்.

அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கானெல் 1924-இல் 'காலியர்ஸ்' வார இதழில் எழுதிய 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' சிறுகதையில் வரும் இடம் இது. ஜாகுவார் வேட்டைக்குப் புறப்பட்ட ரெயின்ஸ்ஃபோர்ட், படகிலிருந்து கடலில் தவறி விழுந்து, கரீபியன் தீவு ஒன்றில் கரையேறுகிறான். அங்கே மாளிகை கட்டி வாழும் ஜெனரல் ஸாரோஃபுக்கு விலங்கு வேட்டை அலுத்துவிட்டது, மனிதர்களை வேட்டையாடுகிறான். விருந்தாளியிடம் ஒரு கத்தியையும் உணவையும் கொடுத்துக் காட்டுக்குள் விரட்டுகிறான். மூன்றாம் நாள் நள்ளிரவுவரை பிடிபடாவிட்டால் விடுதலை.

சாதாரணக் கதாசிரியர் என்றால் அந்த முதல் இரவில் ஸாரோஃபைத் தடம் தவறவிட்டிருப்பார். நாமும் 'தப்பித்தான்' என்று மூச்சு விட்டிருப்போம். கானெல் அந்த நிம்மதியைத் தருவதில்லை. ஸாரோஃப் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்தும், நாளைக்கும் ஆட்டம் வேண்டுமே என்று விட்டுப் போகிறான். அது உறைக்கும்போதுதான் ரெயின்ஸ்ஃபோர்டுக்குப் பயத்தின் முழுப் பொருளும் தெரிகிறது. கதையின் தொடக்கத்தில், படகுத்தளத்தில், ஜாகுவாருக்கும் பயம் தெரியும் என்று சொன்ன நண்பனைப் பார்த்துச் சிரித்தவன் அவன். இனி அவன் வாழும் ஒவ்வொரு மணி நேரமும் எதிரி போட்ட பிச்சை. 'பிடிபடுவானா' என்ற கேள்வியைவிட, 'ஏற்கெனவே பிடிபட்டவன் என்ன செய்வான்' என்ற கேள்வி எவ்வளவு கனமானது!

பிறகு அவன் வைக்கும் பொறிகள் எனக்கு இரண்டாம்பட்சம்தான். முதல் பொறியில் ஸாரோஃபின் தோளில் அடிபடுகிறது. புலிக்குழியில் ஒரு வேட்டைநாய் சாகிறது. வளைத்துக் கட்டிய இளமரத்தில் செருகிய கத்தி, வேலையாள் ஐவானைக் கொல்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொறி எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், ஸாரோஃபுக்குத் தெரியாது. மரத்தடியில் நமக்கு வயிற்றைக் கலக்கிய அதே காலடிச் சத்தம், இப்போது இன்னும் நெருங்கி வராதா என்று நம்மை ஏங்க வைக்கிறது. வேட்டைக்காரனின் ஆசை வாசகருக்கும் தொற்றிவிடுகிறது.

1932-இல் இது திரைப்படமானது. 'கிங் காங்' படத்துக்காகப் போட்ட காட்டு செட்டிலேயே எடுத்தார்கள். கதையில் இல்லாத கதாநாயகியாக ஃபே ரே வந்தார். கடைசிச் சண்டையையும் விரிவாகக் காட்டினார்கள். கானெலோ அதை எழுதவேயில்லை. ஸாரோஃபின் படுக்கையறைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ரெயின்ஸ்ஃபோர்ட் வெளிப்படுகிறான். தோற்றவன் நாய்களுக்கு இரை, வென்றவனுக்கு இந்தக் கட்டில் என்று பந்தயம் பேசப்படுகிறது. அடுத்த வரியில், இவ்வளவு சுகமான படுக்கையில் தூங்கியதேயில்லை என்று ரெயின்ஸ்ஃபோர்ட் நினைத்துக்கொள்கிறான். கதை முடிந்தது.

அவன் மறுபடி ஜாகுவார் வேட்டைக்குப் போனானா? கானெல் சொல்லவில்லை. அந்தக் கட்டிலில் அப்படித் தூங்க முடிந்தவன் போயிருப்பான் என்றுதான் எனக்குப் படுகிறது.