ஏழாயிரமா, நாள் கூலியா?

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்த பையனுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, ஏதாவது ஓர் ஆலையில் தொழிற்பழகுநர் பயிற்சி. பையன்கள் சொல்வதுபோல் 'ஆக்ட் அப்ரண்டிஸ்'. 2019இல் திருத்திய விதிகள் இவனுக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். இன்னொன்று, தெரிந்த காண்டிராக்டரிடம் வயரிங் வேலை, இல்லாவிட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு டெலிவரி. இதில் அந்த ஏழாயிரத்தைப் பாதி மாதத்திலேயே பார்த்துவிடலாம். கடன் இருக்கிற வீட்டில் "சம்பாதிக்கிற வழியப் பாருடா" என்கிற அப்பாவைக் குறை சொல்ல முடியாது.

கையில் வருவதிலிருந்து பெட்ரோல், டூல்ஸ், பைக் தவணை போகட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை நிற்கிற நாட்களையும் கழியுங்கள். அப்படியும் சொந்த வேலையே அதிகம் தரலாம். ஆனால் ஏணியிலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுப்பார்கள் என்பதற்கு அங்கே பதில் இருக்காது.

தொழிற்பழகுநர் சட்டம், 1961 இதற்குப் பதில் வைத்திருக்கிறது. பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டியது நிறுவனம் (பிரிவு 16). பீஸ் கணக்கில் கூலி பேசக்கூடாது. அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் வாங்கக்கூடாது. ஆனால் சட்டத்தின் பார்வையில் இவன் பயிற்சி பெறுபவன்தான், தொழிலாளி அல்ல. அதனால் போனஸ், பி.எஃப். எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தப் பாதுகாப்பெல்லாம் பதிவான ஒப்பந்தம் இருந்தால்தான். 'டிரெய்னி' என்று அட்டையை மாட்டிவிட்டு, ஒப்பந்தமே போடாமல் முழு ஆள் வேலை வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. கூலியும் குறைவு, சான்றிதழும் கிடையாது. இரண்டு வழிகளிலும் உள்ள கெடுதல் மட்டும் வந்து சேரும். சேர்ந்த வாரமே ஒப்பந்த நகலையும், மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளப் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். மழுப்பினாலோ, உதவித்தொகையைப் பிடித்தாலோ மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தம் பற்றிய தகராறைத் தீர்க்கும் அதிகாரம் ஆலோசகருக்கு உண்டு (பிரிவு 20). அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு.

பயிற்சி முடித்தால் அங்கேயே வேலை என்று நம்பிப் போகாதீர்கள். அப்படிக் கட்டாயம் எதுவும் சட்டத்தில் இல்லை. நெய்வேலியில் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் வேலை கேட்டுப் போராடியது ஊரறிந்த கதை. ஆனால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழுக்கு வேறு இடங்களில் மதிப்பு உண்டு. ரயில்வேயின் லெவல்-1 நேரடி நியமனத்தில், ரயில்வே நிறுவனங்களில் ஆக்ட் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீத இடம் இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப்., பொன்மலைப் பணிமனைப் பயிற்சி இடங்களுக்கு அடிதடி இருப்பதில் வியப்பில்லை. வீடு ஓராண்டு தாங்குமானால் பதிவான பயிற்சியை விடவேண்டாம் என்பேன்.

தாங்காத வீட்டுப் பையன் வயரிங்குக்குத்தான் போவான், போகட்டும். 18 வயது ஆனதும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கும் அங்கே இடம் உண்டு. டெலிவரி ஓட்டுபவர்களுக்கு 2023இல் தமிழக அரசு தனி நல வாரியம் அமைத்திருக்கிறது. பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியம், விபத்தில் இறந்தால் 2 லட்சம். வங்கிக் கணக்கு இருந்தால் போதும். இத்தனை மலிவான காப்பீட்டைக்கூடப் போடாமல் ஏணி ஏறுகிறார்கள்.

செய்த வேலைக்குப் பணம் வராமல் போவதுதான் சொந்த வேலையில் அடிக்கடி நடப்பது. வாய்ப்பேச்சை நம்பாமல் தொகையையும் தேதியையும் வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். முன்பணத்தை ஜிபேயில் வாங்குங்கள். இழுத்தடித்தால் அந்தப் பதிவுகளோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்துக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு அங்கே தீர்வு எழுதிவிட்டால், அதன்மேல் அப்பீல் இல்லை.