பத்து கிராம் தொடுகை

சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினாறு வருடம் ஆகிறது. சென்ற சித்திரையில் ஒரு மதியம் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்தார். ராத்திரி சித்திதான் பார்த்தார்: இரண்டு உள்ளங்காலிலும் ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம். "கல்லு சுடலையா?" என்று கேட்டால், "சுட்ட மாதிரியே தெரியலையே" என்கிறார்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஒரு மருத்துவமனையில், பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நானும் கூடவே இருந்தேன். பேனா மூடியால் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்து, "தெரியுதாய்யா?" என்றார்கள். இழுப்பதைப் பார்த்துக்கொண்டே சித்தப்பா "தெரியுது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

கைக்குக் கை மாறும் சோதனை

ரத்த அழுத்தத்தை யாரும் "இருக்கு, இல்லை" என்று எழுதுவதில்லை. அதற்கு எண் உண்டு. தொடு உணர்வுக்கு மட்டும் ஒருவர் பஞ்சால் வருடுகிறார், ஒருவர் விரலால் அழுத்துகிறார், ஒருவர் பேனாவால் கோடு போடுகிறார். வருடுவதும் அழுத்துவதும் தோலுக்கு ஒன்றல்ல. இழுத்துக் கோடு போட்டால் தோலே நகர்கிறது; நரம்பு பாதி மரத்திருந்தாலும் ஏதோ ஒன்று எட்டிவிடும். எந்த இடம், எவ்வளவு அழுத்தம், எத்தனை நொடி என்பதெல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் இந்த வருடச் சோதனையைப் போன வருடத்தோடு ஒப்பிட முடியும்.

குதிரை முடியும் நைலானும்

எல்லாக் கையிலும் ஒரே அளவு அழுத்தத்துக்கு வழி கண்டவர் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் மாக்ஸ் ஃபோன் ஃப்ரே. 1890-களில் குதிரை முடி போன்றவற்றைக் குச்சியில் ஒட்டித் தோலில் வைத்துப் பார்த்தார். மெல்லிய இழையைச் செங்குத்தாக ஊன்றினால் ஓரளவுக்கு மேல் அது வளைந்துவிடும். வளைந்த பிறகு கை எவ்வளவு அழுத்தினாலும் தோலில் விழும் விசை ஏறுவதில்லை. ஊன்றுவது முரட்டுக் கையா, மென்மையான கையா என்பது இங்கே பொருட்டே அல்ல. இந்த எளிமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

முடி ஈரப்பதத்துக்கு ஏற்ப மாறும். ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டீன் இருவரும் அதற்குப் பதில் நைலான் இழையைக் கொண்டுவந்தார்கள். மூளையில் காயம்பட்டவர்களின் தொடு உணர்வைப் பற்றி 1960-இல் வந்த அவர்களுடைய ஆய்வுதான் மோனோஃபிலமென்ட் என்ற இன்றைய சோதனை இழைக்கு அடித்தளம்.

வேலூர் சொன்னது

உணர்வு போனால் பாதத்துக்கு என்ன ஆகும் என்பதைக் காட்டியது வேலூர். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் அங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. நோயாளிகளின் கையையும் காலையும் நாள்தோறும் உற்றுப் பார்த்த அவர் வேறொன்றைக் கண்டார். வலி தெரியாததால் அவர்கள் சூடான பாத்திரத்தை விடாமல் பிடிக்கிறார்கள். கொப்புளத்தின் மேலேயே நடக்கிறார்கள். தூங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பதில்லை. 1960-களில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற அவர், இதே கண்ணோடு சர்க்கரை நோயாளிகளின் பாதங்களையும் பார்த்தார். தொழுநோயில் கற்ற பாடம் அங்கேயும் பொருந்தியது. 10 கிராம் விசையில் வளையும் இழையை உணர முடியாத பாதத்தில்தான் புண் வரும் ஆபத்து அதிகம் என்பது 1980-களில் கார்வில்லிலிருந்து வந்த ஆய்வின் முடிவு.

எப்படிச் செய்ய வேண்டும்?

முதலில் இழையை நோயாளியின் கையில் வைத்துக் காட்ட வேண்டும், எந்தத் தொடுகையைச் சொல்கிறோம் என்று அவருக்குப் புரிய. பிறகு அவர் பாதத்தைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு காலிலும் மூன்று இடங்கள்: பெருவிரலின் அடி, பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேடு. புண்ணிலோ காய்ப்பிலோ வைக்கக் கூடாது. அதன் ஓரத்தில் வைக்கலாம். இழை வளையும்வரை ஊன்றி எடுக்க மொத்தம் இரண்டு நொடி போதும்; தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை வைத்து, நடுவில் ஒரு முறை வைக்காமலேயே கேட்க வேண்டும். வைக்காதபோதும் "தெரியுது" என்பவர் நம்மைத் திருப்திப்படுத்தச் சொல்கிறார் என்று பொருள். மூன்றில் இரண்டு பதில் சரியென்றால் அந்த இடத்தில் பாதத்தைக் காயத்திலிருந்து காக்கும் உணர்வு இருக்கிறது.

இழைக்கும் களைப்பு உண்டு. ஒரே நாளில் பலருக்குப் பயன்படுத்தினால் தளர்ந்து, 10 கிராமுக்குக் குறைவாகவே அழுத்தும். ஒரே இழையை மேசை டிராயரில் ஆண்டுக்கணக்காக வைத்திருந்து பயன்படுத்துவது சோதனையே அல்ல.

இழை இல்லாத வீட்டில்

இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவாகி 2011-இல் வெளியான சோதனைக்கு ஆள்காட்டி விரல் நுனி போதும். சோதிக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொள்ள, வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது, இடது நடுவிரல் என்ற வரிசையில் நுனியை மெல்லத் தொட வேண்டும். ஒன்றிரண்டு நொடி மட்டும்; அழுத்தாமல், தட்டாமல், வருடாமல். தெரியவில்லை என்றால் இன்னொரு முறை தொட்டுப் பார்க்கக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டியே ஆக வேண்டும். வருடாந்தரச் சோதனைக்கு இது மாற்று அல்ல.

கொப்புளம் ஆறிய பிறகு சித்தி இப்படித் தொட்டார். ஆறில் நான்கு தெரியவில்லை. வேறொரு மருத்துவரிடம் இழை வைத்துப் பார்த்தோம். இப்போது சித்தப்பா எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பர் செருப்பு போடுகிறார், காலில் மாட்டுமுன் அதைத் தட்டி உள்ளே கைவிட்டுப் பார்க்கிறார். அவருடைய சீட்டில் "சரி" என்ற சொல் இல்லை. வலது, மூன்று இடத்தில் ஒன்று, இடது, மூன்றில் இரண்டு, தேதி.