இடமகல் கருப்பை அகப்படலமும் உணவு முறையும்

இடமகல் கருப்பை அகப்படலம் (எண்டோமெட்ரியோசிஸ்) என்பது கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகம், கருக்குழாய், இடுப்புக்குழியின் உறை, குடல் முதலிய இடங்களில் வளரும் நோயாகும். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. கடும் மாதவிடாய் வலி, மிகை உதிரப்போக்கு, உடலுறவின்போதும் மலம் கழிக்கும்போதும் வலி, வயிற்று உப்புசம், கருத்தரிப்பதில் இடர் ஆகியன இதன் அறிகுறிகள். உணவால் இந்நோய் நீங்குவதில்லை. எனினும் சிலருக்குச் சில அறிகுறிகள் தணியக்கூடும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் உணவுப் பழக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகின்றது.

அறிவியல் அடிப்படை

இடம் மாறி வளர்ந்த இழையம் ஈத்திரோசன் இயக்குநீரால் தூண்டப்பட்டு அழற்சியை உண்டாக்குகின்றது. வலிக்குக் காரணமான புரோசுடாகிளாண்டின்கள் உடலிலுள்ள கொழுப்பமிலங்களில் இருந்தே உருவாகின்றன. ஒமேகா-3 வகைக் கொழுப்பமிலத்தில் இருந்து உருவாவன வீரியம் குறைந்தவை. உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு தேடப்படுவதன் காரணம் இதுவே.

அமெரிக்கச் செவிலியரிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான நீண்டகால ஆய்வில், நீள்தொடர் ஒமேகா-3 மிகுதியாக உண்டவர்களுக்கு இந்நோய் கண்டறியப்படும் வாய்ப்பு 22 விழுக்காடு குறைவாகவும், டிரான்ஸ் கொழுப்பு மிகுதியாக உண்டவர்களுக்கு 48 விழுக்காடு கூடுதலாகவும் காணப்பட்டது. இவை நோய் வரும் வாய்ப்பைப் பற்றிய எண்கள். வந்த நோயின் வலி எவ்வளவு குறையும் என்பதை இவை கூறா. 2020 இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், இந்நோயுள்ள இளம்பெண்களுக்கு உயிர்ச்சத்து டி மாத்திரை ஆறு மாதங்கள் தரப்பட்டபோது வலி குறைந்தது. ஆனால் மருந்தற்ற போலி மாத்திரை பெற்றவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. "இதை உண்டேன், வலி போயிற்று" என்னும் தனிமனிதச் சான்றுகளைப் படிக்கும்போது இம்முடிவை நினைவிற்கொள்வது நன்று. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டி நூலும் குறிப்பிட்ட எந்த உணவு முறையையும் பரிந்துரைக்கவில்லை.

மேலைநாட்டுப் பட்டியலும் வட்டாரச் சமையலும்

இந்நோய்க்கெனப் பரவலாகக் காணப்படும் உணவுப் பட்டியல்கள் பெரும்பாலும் கோதுமை ரொட்டியும் மாட்டிறைச்சியும் அன்றாட உணவாக உள்ள நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றுவது பொருந்தாது.

பசையம் (குளூட்டன்) தவிர்க்குமாறு அவை கூறும். 2012 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், ஓராண்டு பசையம் தவிர்த்த 207 பெண்களுள் 75 விழுக்காட்டினர் வலி குறைந்ததாகக் கூறினர். ஆனால் ஒப்பிடுவதற்கு வேறு குழு அவ்வாய்வில் இல்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, இவ்விரு மாவட்டங்களிலும் விளையும் வரகு ஆகியவற்றில் பசையம் இயல்பாகவே இல்லை. எனவே இதனைச் சோதித்துப் பார்க்க விலையுயர்ந்த தனிமாவு எதுவும் தேவையில்லை. பரோட்டா, சப்பாத்தி, கோதுமை ரவை, சேமியா, பிசுகட்டு ஆகியவற்றை நிறுத்தினால் போதும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது பலரும் அறியாத செய்தி.

குடல் அறிகுறிகள் மிகுந்தோருக்கு ஃபாட்மேப் குறைந்த உணவு முறை பயன் தரலாம். ஃபாட்மேப் என்பன சிறுகுடலில் எளிதில் உறிஞ்சப்படாமல், பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும் சர்க்கரை வகைகளாகும். குடல் எரிச்சல் நோயுள்ள பெண்களிடையே நியூசிலாந்தில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வில், இடமகல் அகப்படலமும் உடையவர்களுள் 72 விழுக்காட்டினருக்கும், அஃது இல்லாதவர்களுள் 49 விழுக்காட்டினருக்கும் குடல் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன.

இங்குதான் சிக்கல் எழுகின்றது. தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் ஒன்று பெரம்பலூர். அரியலூர் மாவட்டம் முந்திரிக்குப் பெயர்பெற்றது. வெங்காயம், பூண்டு, முந்திரி, பருப்பு வகைகள் யாவும் ஃபாட்மேப் மிகுந்தவை. அப்பட்டியலை எழுத்துப்படி பின்பற்றினால் சாம்பாரில் மிஞ்சுவது புளித்தண்ணீரே. ஆகவே இம்முறை 2 முதல் 6 வாரங்களுக்கு மட்டும், இயன்றவரை உணவியல் வல்லுநர் ஒருவரின் மேற்பார்வையில் பின்பற்றப்பட்டு, பின் ஒவ்வோர் உணவாக மீளச் சேர்க்கப்படுகின்றது. வெங்காயத்தை முழுதாக எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அவ்வெண்ணெயில் தாளிக்கலாம். இச்சர்க்கரைகள் எண்ணெயில் கரைவதில்லை. ஆனால் நீர் சேர்த்த குழம்பில் இட்டு எடுப்பது பயன்தராது.

ஒமேகா-3 பெறச் சிறந்த வழி மத்தி, அயிலை போன்ற கொழுப்புள்ள கடல்மீன்களாகும். இவை விலையிலும் எளியவை. இரண்டும் கடலற்ற மாவட்டங்கள் ஆதலின் ஏரி, குளத்து மீன்களும் உண்ணப்படுகின்றன. அவற்றில் இச்சத்து பொதுவாகக் குறைவு. ஆளிவிதையில் உள்ள ஒமேகா-3 இல் சிறுபகுதியே உடலில் பயன்படும் வடிவத்திற்கு மாறுகின்றது.

குருதிச்சோகை

மேலைநாட்டுப் பட்டியல்கள் சிவப்பு இறைச்சியைக் குறைக்கச் சொல்கின்றன. நாள்தோறும் இருவேளை இறைச்சி உண்பவருக்கு அது பொருந்தலாம். வாரம் ஒருமுறை ஆட்டிறைச்சி உண்பவருக்கு அவ்வறிவுரை தீங்காகவும் முடியலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். மிகை உதிரப்போக்கு இதனை மேலும் கடுமையாக்கும். ஆட்டு ஈரல், முட்டை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள் ஆகியன இரும்புச்சத்துத் தருவன. தாவர உணவுடன் நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேர்ப்பது இரும்பு உறிஞ்சப்படுதலைக் கூட்டும். உண்டவுடன் தேநீர் அருந்துவது குறைக்கும். குருதிச்சோகை கடுமையாக இருப்பின் உணவு மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படும். பூப்பெய்திய பெண்களுக்குத் தரப்படும் உளுந்தங்களி புரதமும் ஆற்றலும் தரும் நல்லுணவு. ஆனால் இந்நோய்க்கு மருந்தன்று.

மருத்துவரை நாடுதல்

"மணமானால் சரியாகிவிடும்", "உடற்சூடு" என்னும் சொற்களால் இந்நோய் கண்டறியப்படுவது பல ஆண்டுகள் தள்ளிப்போவதுண்டு. பள்ளிக்கோ வயல்வேலைக்கோ செல்லவியலாதபடி மாதந்தோறும் முடக்கும் வலி இயல்பானதன்று. மீயொலிச் சோதனை, காந்த அதிர்வுப் படிமம், தேவைப்படின் வயிற்றறை உள்நோக்கி ஆகியவற்றால் நோய் உறுதிசெய்யப்படுகின்றது. வலிநீக்கிகள், இயக்குநீர் மருந்துகள், அறுவை ஆகியன மருத்துவ முறைகளாகும். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை உள்ளது.

உணவு மாற்றத்தை முயல்வோர், மாதவிடாய் நாள், வலியின் அளவு, உண்டவை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவதும், ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து இரண்டு மூன்று சுழற்சிகள் பார்ப்பதும் பயனுள்ளவை. பலவற்றை ஒருங்கே மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என அறியவியலாது. அக்குறிப்பேடு மருத்துவரிடம் காட்டுவதற்கும் உதவும்.