சிபியு ஃப்ரீ, ராம் ஃப்ரீ... ஆனா சைட் மட்டும் ஏன் திணறுது? ப்ராக்ஸி சர்வருக்கு ஓஎஸ் தேர்வு செய்வது எப்படி?

டிக்கெட் புக்கிங் தொடங்கிய முதல் நிமிடம். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டெக் டீம் டாஷ்போர்டைத் திறந்தால், சிபியு பாதிகூட ஓடவில்லை; ராமும் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் யாராலும் உள்ளே போக முடியவில்லை. பல நேரங்களில் இதற்குக் காரணம், வாசலில் நிற்கும் ப்ராக்ஸி சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம்!

ப்ராக்ஸிக்கு என்ன வேலை?

நம் போனிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி, பின்னால் உள்ள சர்வரிடம் கேட்டு, பதிலை நமக்குத் தருவதுதான். என்ஜின்எக்ஸ், ஹெச்ஏப்ராக்ஸி, ஸ்க்விட் எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. இதில் கணக்குப் போடுவது குறைவு, ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பிடித்து வைத்திருப்பதுதான் அதிகம். அந்தச் சுமை விழுவது ஓஎஸ் கெர்னல் மீது.

லினக்ஸா, ஃப்ரீபிஎஸ்டியா?

பழைய 'செலக்ட்' முறையில், யாரிடமிருந்து தகவல் வந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எல்லா இணைப்புகளையும் தட்டிப் பார்க்க வேண்டும். 2000-ல் ஃப்ரீபிஎஸ்டியில் வந்த 'கேக்யூ', 2002-ல் லினக்ஸில் சேர்ந்த 'ஈபோல்' இரண்டும் இதை மாற்றின. தகவல் வந்த இணைப்பை மட்டும் கெர்னலே சொல்லிவிடும்.

வீடியோக்களை அனுப்பும் தன் கேஷ் சர்வர்களில் நெட்ஃபிளிக்ஸ் பயன்படுத்துவது ஃப்ரீபிஎஸ்டி. ஒரே சர்வரிலிருந்து நொடிக்கு 100 ஜிகாபிட் அனுப்பியதை 2017-ல் விளக்கியது. அப்போ நாமும் அதுக்கே போயிடலாமா? அவசரம் வேண்டாம். அங்கே கெர்னலையே திருத்தி எழுதும் இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள். நள்ளிரவில் பிரச்னை வந்தால் உங்கள் டீமுக்கு எது கைவரும் என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான டீம்களுக்கு அது லினக்ஸ்தான்.

அடுத்தது, சப்போர்ட் காலம். 2029 வரை அப்டேட் வரும் என்று நம்பி சென்ட்ஓஎஸ் 8 போட்டவர்களுக்கு, 2021 டிசம்பர் 31-உடன் கதை முடிந்தது. வாசலில் நிற்கும் சர்வருக்குப் பாதுகாப்பு அப்டேட் இல்லாவிட்டால், வேகம் இருந்தும் பயனில்லை.

எதை ட்யூன் செய்வது?

1. ஃபைல் டிஸ்கிரிப்டர்: லினக்ஸில் ஒவ்வொரு இணைப்பும் திறந்த ஒரு ஃபைல் போலத்தான். பல சிஸ்டங்களில் ஒரு புரோகிராமுக்கான தொடக்க வரம்பு 1024. ப்ராக்ஸிக்கோ ஒரு பயனருக்கு இரண்டு இணைப்பு தேவை: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆக, சுமார் 500 பேர் வந்தாலே கதவு மூடிக்கொள்ளும்!

2. போர்ட்: பின்னால் உள்ள சர்வரோடு பேச லினக்ஸ் வழக்கமாக ஒதுக்குவது 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232 போர்ட்கள். இணைப்பை ப்ராக்ஸியே முடித்தால், அந்த போர்ட் 60 நொடி 'டைம் வெயிட்' நிலையில் காத்திருக்கும். வகுத்துப் பாருங்கள்: ஒரே பின்சர்வருக்கு நொடிக்குச் சுமார் 470 புது இணைப்புகள்தான். போர்ட் எல்லையை விரிக்கலாம். அதைவிட நல்லது, திறந்த இணைப்பையே திரும்பப் பயன்படுத்தும் 'கீப்அலைவ்'.

3. வரிசை: கூட்டம் திடீரென வந்தால் புது இணைப்புகள் காத்திருக்கும் வரிசையின் நீளம்தான் 'சோமேக்ஸ்கான்'. பழைய கெர்னல்களில் 128, லினக்ஸ் 5.4-ல் இருந்து 4096. அப்ளிகேஷன் பக்கமும் இந்த எண்ணை உயர்த்தினால்தான் பலன் முழுசா கிடைக்கும்.

காப்பி பேஸ்ட் உஷார்!

நெட்டில் கிடைக்கும் ட்யூனிங் பட்டியலை அப்படியே ஒட்டுவதுதான் பெரிய ஆபத்து. நல்ல உதாரணம், 'டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள்'. டைம் வெயிட் பிரச்னைக்கு மருந்தாகப் பல வருஷம் சுற்றிய செட்டிங் இது. ஆனால் மொபைல் நெட்வொர்க்கில் பலர் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்வார்கள். அவர்களின் போன்களில் நேர முத்திரைகள் வேறுபடுவதால், சர்வர் சிலரின் இணைப்பைச் சத்தமே இல்லாமல் தூக்கி எறிந்துவிடும். ஆபீஸ் வைஃபையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். ரயிலில் போகும் வாடிக்கையாளருக்குத்தான் சைட் திறக்காது. 2017-ல் வந்த லினக்ஸ் 4.12-ல் இதை நீக்கியேவிட்டார்கள்.

எனவே, முதலில் அளந்து பாருங்கள். திறந்த இணைப்புகள் எத்தனை, டைம் வெயிட்டில் எத்தனை என்பதை 'எஸ்எஸ்' கட்டளையே சொல்லிவிடும். பிறகு ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி, லோடு டெஸ்ட் செய்யுங்கள். ஏன் மாற்றினோம் என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்து அந்த சர்வரைத் தொடப்போகிறவருக்கு அந்த ஒரு வரி ரொம்ப உதவும்.