பிள்ளைக்கு ஏற்ற கிரிக்கெட் மட்டை

2025 பிப்ரவரியில் 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கிண்ணத்தை இந்தியா நம் மலேசியாவில்தான், பாயுமாஸ் ஓவல் திடலில் வென்றது. அந்த அணியில் மதுரை கமலினியும் இருந்தார். அதற்குப் பிறகு எங்கள் கேமரன் மலையில் பெண் பிள்ளைகளும் மட்டை கேட்கிறார்கள். பெற்றோர் கடைக்குப் போய்ப் பள்ளிச் சட்டை எடுக்கிற மாதிரி இரண்டு அளவு பெரிதாக வாங்கி வருகிறார்கள். "வளர்ற பிள்ளைதானே டீச்சர், அடுத்த வருசமும் உதவும்ல?"

தேயிலைத் தோட்டச் சம்பளத்தில் அந்தக் கணக்கு நியாயமானதுதான். ஆனால் சட்டை பெரிதானால் கையை மடித்துவிடலாம், மட்டையை என்ன செய்வது?

கனமான மட்டையை மேல்கை தாங்காது. உடனே கீழ்க்கை இறுக்கிப் பிடிக்கும். நேராக வர வேண்டிய வீச்சு குறுக்கே போகும், பந்து தாண்டிய பிறகுதான் மட்டை இறங்கும். நாம் பார்த்துவிட்டு "இதுக்கு ஆட்டம் வராது" என்று முடிவு கட்டிவிடுவோம். படிவம் ஒன்று மாணவி ஒருத்தியை நானும் அப்படித்தான் ஒதுக்கப் பார்த்தேன். சின்ன மட்டையைக் கொடுத்த அன்றே பந்தை நேராகத் தட்டினாள்.

அளவுக்கு வயதைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் மாறும். ஏறக்குறைய 137 முதல் 145 செ.மீ. வரை 3ஆம் எண், 150 செ.மீ. வரை 4ஆம் எண், 157 செ.மீ. வரை 5ஆம் எண். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சின்னதையே எடுங்கள்.

பிறகு கடையிலேயே ஒரு சோதனை. வலக்கை ஆட்டக்காரர் என்றால் இடக்கையால் மட்டும் பிடியின் மேற்பகுதியைப் பிடித்து, மட்டையை முன்னால் நீட்டி, பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினாலோ நுனி தாழ்ந்தாலோ வேண்டாம். தராசு காட்டும் எடையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே எடையுள்ள இரண்டு மட்டைகளில், நுனிப் பக்கம் மரம் கூடுதலாக உள்ளது கையில் கனமாகத் தெரியும். வாளியைக் கை நீட்டித் தூக்கினால் கனக்கிறதே, அதே நெம்புகோல் கணக்குதான். "டெண்டுல்கர் கனமான மட்டையில்தானே ஆடினார்?" என்று ஓர் அப்பா கேட்டார். ஆடினார்தான். அந்தத் தோளும் மணிக்கட்டும் நம் பிள்ளைக்கு இன்னும் வரவில்லையே.

மரத்துக்கு வருவோம். தொடக்கநிலைக்குக் காஷ்மீர் வில்லோ போதும்; விலையும் குறைவு. இங்கிலாந்து வில்லோ மென்மையானது, தோல் பந்தில் நன்றாகத் துள்ளும். ஆனால் ஆளிவிதை எண்ணெய் பூசி, மரச் சுத்தியலால் பல மணி நேரம் தட்டிப் பதப்படுத்தாமல் திடலுக்கு எடுத்துப் போனால் விரிசல் விடும். டென்னிஸ் பந்தில் ஆடுகிற பிள்ளைக்கு அந்தச் செலவு எதற்கு?

நம் மலைக்கு ஈரம்தான் எதிரி. பனிப்புல்லில் மட்டையை ஊன்றி நின்றால் நுனி நீரை இழுத்து உப்பிவிடும். ரப்பர் நுனிக்காப்பு ஒட்டுங்கள், ஆட்டம் முடிந்ததும் துடைத்து வையுங்கள். காய வைக்கிறேன் என்று அடுப்படியில் சாத்தினால் மரம் வெடிக்கும்.

விளக்கக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு: பிடி, தோள், விளிம்பு, நுனி என்று மட்டையின் உறுப்புகளுக்குத் தமிழில் எளிதாகச் சொல்லலாம். இலங்கைத் தமிழர் மட்டையைத் துடுப்பு என்பார்கள்.

செலவுக்கு ஒரு வழி உண்டு. 3, 4, 5 எண்களில் ஒவ்வொன்றாகப் பள்ளியே வாங்கி, புறப்பாட நேரத்தில் இரவல் கொடுக்கலாம். பெரியதை ஏற்கெனவே வாங்கிவிட்ட வீட்டில் பிடியை அறுக்கச் சொல்லாதீர்கள். நீளம் குறையும், நுனிக் கனம் அப்படியே இருக்கும். அதை அண்ணனிடம் கொடுத்துவிடட்டும்.