சிற்றோடையின் மேல் டிராக்டர்ப் பாலம்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் சந்தாபுரா. ஒருபுறம் தொழிற்பேட்டைகளும் புதிய குடியிருப்புகளும் நெருங்கி வந்துள்ளன. மறுபுறம் கேழ்வரகும் காய்கறியும் பூவும் விளையும் செம்மண் நிலங்கள் இன்னும் உள்ளன. இவ்வட்டாரத்து ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்தவை. மேல் ஏரியின் உபரி நீர் கால்வாய் வழியே கீழ் ஏரியை அடையும். இத்தகைய நிலப்பகுதியில் ஓர் உழவரின் நிலம் ஓடையின் இருகரைகளிலும் பிரிந்து கிடப்பது இயல்பு.

கோடையில் டிராக்டர் ஓடைப் படுகையிலேயே இறங்கிக் கடந்துவிடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை வலுக்கும்போது அவ்வழி அடைபடும். அப்போது கைக்கெட்டிய பழைய மின்கம்பங்களையோ தென்னை மரத்துண்டுகளையோ குறுக்கே கிடத்தி, மேலே மண்ணைக் கொட்டிப் பாலமாக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது ஆபத்தானது. மின்கம்பம் காற்றின் விசையையும் கம்பிகளின் இழுப்பையும் தாங்குவதற்காக வார்க்கப்பட்டது. நடுவில் ஏறும் சக்கரச் சுமைக்காக அன்று. தென்னையின் வலிமை அதன் புறப்பகுதியிலேயே உள்ளது. உட்பகுதி மென்மையானது, ஈரத்தில் விரைவில் உளுத்துப்போகும். மேலே மண் மூடியிருப்பதால் அழிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தெலங்கானாவின் வலிகொண்டா அருகே, வயல் வேலைக்குச் சென்ற பெண்களை ஏற்றிய டிராக்டர் கால்வாயில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். டிராக்டர் நீர்வழியில் கவிழ்ந்தால் விளைவது என்ன என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தும்.

இரு முன்மாதிரிகள்

கருநாடக மாநிலத்திலேயே கருத்தில் கொள்ளத்தக்க இரு முன்மாதிரிகள் உள்ளன. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியின் குறுக்கே திவான் பூர்ணையாவின் காலத்தில் கட்டப்பட்டு 1804இல் முடிவுற்ற பாலம் கற்றூண்களாலும் கல் உத்திரங்களாலும் ஆனது. கல் அழுத்தத்தை நன்கு தாங்கும். வளைவை மிகக் குறைவாகவே தாங்கும். ஆதலின் தூண்கள் நெருக்கமாக நடப்பட்டன.

மற்றொன்று சுள்ளியாவைச் சேர்ந்த இயந்திரப் பொறியாளர் கிரீஷ் பாரத்வாஜ் அமைத்த தொங்கு பாலங்கள். 1989இல் அரம்பூரில் பயஸ்வினி ஆற்றின்மேல் தொடங்கிய அப்பணி நூற்றுக்கு மேற்பட்ட பாலங்களாகப் பெருகியது. 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. எஃகு வடத்தில் தொங்கும் அப்பாலங்கள் அகன்ற ஆற்றையும் ஒரே பாய்ச்சலில் கடப்பவை. ஆனால் நடந்து செல்வோருக்கென அமைந்தவை.

இவ்விரண்டும் புகட்டும் பாடம் ஒன்றே: எச்சுமை, எவ்வளவு அகலம் என்ற வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பொருளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

சுமையைக் கணக்கிடுதல்

சுமார் 45 குதிரைத்திறன் கொண்ட டிராக்டரின் எடை ஏறத்தாழ 2 டன். ஆயினும் பாலத்துக்குச் சோதனையாவது பெரும்பாலும் பின்னே வரும் டிரெய்லரே. எருவோ செங்கல்லோ ஏற்றிய டிரெய்லரின் அச்சு ஒன்றே 4 டன் சுமையைத் தரக்கூடும். தாங்கிகளுக்கிடையே 4 மீட்டர் நீளமுள்ள பாலத்தின் நடுவில் இவ்வச்சு நிற்பதாகக் கொள்வோம். சுமையை நீளத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் வளைவுத் திருப்புதிறன் கிடைக்கும்: 4 டன்-மீட்டர். இரு உத்திரங்கள் இதனைச் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 2. சக்கரம் குலுங்கி வருவதற்காகப் பாதி கூட்டினால் 3 டன்-மீட்டர் ஆகும்.

ஆனால் டிராக்டர் எப்போதும் பாலத்தின் நடுக்கோட்டிலேயே செல்லுமென எதிர்பார்க்க இயலாது. உத்திரங்கள் 1.4 மீட்டர் இடைவெளியில் இருக்க, வண்டி 30 செ.மீ. ஒதுங்கினால் ஒரே உத்திரத்தின்மேல் ஏறத்தாழ 71 விழுக்காடு சுமை விழும். தளத்தின் எடையையும் சேர்த்தால் அவ்வுத்திரம் 4.5 டன்-மீட்டர் தாங்க வேண்டும். சாதாரண மென்னெஃகில் 200 மி.மீ. உயரமுள்ள ‘ஐ’ வடிவ உத்திரம் பாதுகாப்பாகத் தாங்குவது சுமார் 3.7 மட்டுமே, 250 மி.மீ. உத்திரம் சுமார் 6.8 தாங்கும். ஐந்து செ.மீ. உயரம் கூடியதனால் விளையும் வேறுபாடு இது. இரு உத்திரங்களையும் குறுக்குச் சட்டங்களால் இறுகப் பிணைத்தல் இன்றியமையாதது. இன்றேல் அவை பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும்.

நீருக்கு விடவேண்டிய வழி

பழைய வெள்ளக் குறியை முதியோரிடம் கேட்டறிவது நல்ல முறையே. ஆயினும் சந்தாபுரா போன்ற இடங்களில் அது மட்டும் போதாது. 50 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் மணிக்கு 50 மி.மீ. வீதம் மழை பெய்து, அதில் நாற்பது விழுக்காடு ஓடி வந்தால் ஓடையில் வினாடிக்குச் சுமார் 2.8 கன மீட்டர் நீர் பாயும். அதே நிலப்பரப்பு கூரைகளாலும் தார்ச்சாலைகளாலும் மூடப்பட்டு எண்பது விழுக்காடு ஓடி வருமாயின் ஓட்டம் 5.6 கன மீட்டராகும். மழை பழையதே, வெள்ளம் மட்டும் இருமடங்கு.

நீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் செல்லுமெனின் 2.8 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். 90 செ.மீ. விட்டமுள்ள சிமெண்டுக் குழாய்கள் மூன்றைப் பதித்தாலும் 1.9 சதுர மீட்டரே கிடைக்கும்; குப்பையும் கிளைகளும் அதனையும் அடைக்கும். சுவர்களுக்கிடையே 3.6 மீட்டர் திறந்துவிட்டால் 80 செ.மீ. ஆழத்திலேயே அந்நீர் கடந்துவிடும். அதற்குமேல் மிதவைப் பொருள்கள் செல்ல அரை மீட்டர் விட்டு உத்திரத்தை அமைத்தல் வேண்டும்.

கரைச்சுவரும் தளமும்

சிறு பாலங்கள் பெரும்பாலும் நடுவில் முறிவதில்லை. கரையில் அரிக்கப்பட்டே விழுகின்றன. ஆதலின் கரைச்சுவரின் அடித்தளம் படுகைக்குக் கீழே ஒரு மீட்டரேனும் இறங்கி, கெட்டியான சரளையிலோ பாறையிலோ நிற்க வேண்டும். இவ்வட்டாரத்தில் கருங்கல் எளிதில் கிடைப்பதால் சிமெண்டுச் சாந்திட்ட கல்கட்டடம் ஏற்றது. சுவரின் பின்னே தேங்கும் நீர் வடிய துளைகள் விடுக. நிரப்பும் சரளையை 15 செ.மீ. அடுக்குகளாக இட்டு ஒவ்வொன்றையும் இடித்துக் கெட்டிப்படுத்துக. சுவரின் அடியில் பெருங்கற்களைப் பரப்பினால் அரிப்புத் தணியும்.

தளத்துக்கு 10 செ.மீ. கனமுள்ள வைரம் பாய்ந்த பலகைகள் தகும். இருபுறமும் 15 செ.மீ. உயர ஓரக்கட்டைகளை மரையாணியால் பிணைத்து, இடையே 2.4 மீட்டர் வழி விடுதல் வேண்டும். ஓரக்கட்டையே சக்கரத்தைத் தடுத்து நிறுத்தும் காவல். பாலத்தை அணுகும் பாதை பத்துக்கு ஒன்றுக்கு மேல் செங்குத்தாயின் முன்சக்கரங்கள் இலேசாகித் திருப்பும் ஆற்றல் குறையும்.

பள்ளியில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை எளிதில் விளக்கலாம். மெல்லிய மர அளவுகோலை 20 செ.மீ. இடைவெளியுள்ள இரு புத்தகங்களின்மேல் வைத்து, நடுவில் ஓர் எடையைத் தொங்கவிட்டுத் தாழ்வை அளக்கச் செய்க. பின்னர் இடைவெளியை 40 செ.மீ. ஆக்குக. தாழ்வு இருமடங்கன்று, ஏறத்தாழ எட்டு மடங்காகும். அளவுகோலைக் குத்தாக நிறுத்திச் சோதித்தால் தாழ்வு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும். உத்திரத்தை ஏன் உயரமாகச் செய்கின்றனர் என்பது மாணவர்க்கு அப்போது தானே விளங்கும்.

களப்பணியாளர் கடமை

ஓடைப்படுகை பொதுச்சொத்து. ஆதலின் வேலை தொடங்குமுன் வருவாய்த் துறையின் அனுமதியும், கணக்குக்கு வட்டப் பொறியாளரின் சரிபார்ப்பும் பெறுமாறு உழவருக்கு அறிவுறுத்துதல் வேண்டும். கட்டி முடிந்தபின், தாங்கக்கூடிய எடையைப் பலகையில் எழுதி இருகரையிலும் நடுக. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சுவரின் அடியையும், உத்திரத்தின் துருவையும், மரையாணிகளின் இறுக்கத்தையும் பார்த்தறிதல் வேண்டும். செங்கல் லாரி ஒன்று அப்பாலத்தில் ஏற முற்படுமாயின் அதனைத் தடுப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே ஆகும்.